பாட்டிலைச் சுற்றிய பிளாஸ்திரி

சார், படிச்சு முடிச்சிட்டீங்கன்னா அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் குடுங்களேன். முழுப் பேப்பரும் வேணாம், அந்த ஒரு தாள் போதும். ஆங், இவனேதான். பந்தை நெஞ்சோட கட்டிக்கினு படுத்திருக்கான் பாருங்க, எபினேசர். தெரிஞ்சவனான்னா கேக்குறீங்க? நானும் அவனும் ஒரே தெரு சார். வியாசர்பாடி. ஒரே ஸ்கூலு, ஒரே கிரவுண்டு, அப்பால நாலு வருஷம் ஒரே டீம்ல ஒரே ரூம்பு. உன் முதுகுல குத்துனவன் யாருடான்னு கேட்டா நான் இந்த போட்டோவைத்தான் காட்டுவேன்.

நீங்க மங்களூரா? நான் திரூர்ல இறங்கிடுவேன். அங்க நாளைக்கு செவன்ஸ் மேட்ச். சைடுக்கு ஏழு பேரு, வயலைச் சுத்தி மூங்கில்ல கேலரி கட்டி ஆடுவாங்க, ஜனம் அலைமோதும். கோல்கீப்பரா என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஆமா சார், நானும் கீப்பர்தான். இந்தக் கை விரலைப் பாத்தா தெரியலையா, ஒண்ணாவது நேரா இருக்கா? நேரம் நிறைய கிடக்கு. சொல்றேன் கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு.

போன வருஷ சீசன். நாட்டுலயே பெரிய லீக். பன்னெண்டு டீம். ஒவ்வொரு டீம்கூடவும் நம்ம ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணு, மொத்தம் இருபத்திரெண்டு மேட்ச். கடைசியா வர்ற டீமு கீழ் டிவிஷனுக்குப் போயிடும். நாங்க சென்னை ஸ்டீமர்ஸ். பேரு பெத்த பேரு, ஆடுறது ஓட்டைத் தோணி மாதிரி. எபி மொத கீப்பரு, நான் ரெண்டாவது.

ரெண்டாவது கீப்பருன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாது. மத்த பசங்களையாவது கடைசிப் பத்து நிமிஷம் இறக்குவாங்க. கீப்பரை எவனும் மாத்த மாட்டான். மொத ஆளுக்குக் கை உடையணும், இல்ல செவப்பு அட்டை வாங்கணும். அதுவரைக்கும் நாம பெஞ்சில உக்காந்திருக்கணும். மேட்சுக்கு முன்னாடி அவனுக்குப் பந்து அடிச்சுக் குடுத்து, அவன் கைகாலைச் சூடாக்கி, உள்ள அனுப்பிட்டு, நாம போய்ப் போர்த்திக்கினு உக்காரணும். நாலு வருஷத்துல நான் ஆடுனது மூணு மேட்ச். அந்த சீசன்ல ஒரு நிமிஷம்கூட இல்ல. என் கிளவுஸ் வாங்குன மேனிக்குப் புதுசா இருந்துச்சு. அவனுக்குக் கை உடையணும்னு நான் ஒரு நாளும் வேண்டுனதில்ல சார், மாதா மேல சத்தியமா. ஒரு சுளுக்காவது புடிக்கக் கூடாதான்னு ரெண்டு மூணு தடவ தோணியிருக்கு, அது வேற.

ஆனா எனக்கு ஒரு கண்ணு உண்டு. எவன் பெனால்டி எப்படி அடிப்பான்னு சொல்லிடுவேன். காலை வெக்கிற விதம், தோள் சாயுற விதம், ஓடி வர்ற அடி எத்தினின்னு பாத்தா போதும். மத்தியான சாப்பாடு ஆனதும் எல்லாப் பசங்களும் தூங்குவாங்க. நான் போன்ல பழைய மேட்சா போட்டுப் பாத்துக்கினு இருப்பேன். பதினோரு டீமு, டீமுக்கு மூணு பேராவது பெனால்டி அடிக்கிறவன். ஒவ்வொருத்தனுக்கும் நோட்டுல ஒரு பக்கம். என் பொண்ணு ஸ்டெஃபிக்கு ஸ்கூலுக்கு வாங்குன நோட்டுதான், பிரவுன் அட்டை போட்டது.

மேட்ச் அன்னிக்கு நோட்டை எடுத்துக்கினு போக முடியாதுல்ல. அதனால இன்னா பண்ணேன், காலுக்குச் சுத்துற வெள்ளை பிளாஸ்திரி இருக்குல்ல, அதை எபியோட தண்ணி பாட்டிலைச் சுத்தி ஒட்டி, அதுல பேனாவால எழுதிடுவேன். 'ஒம்பது, இடது, தரையோட.' 'இருபத்தொண்ணு, வலது, உயரம்.' எல்லாம் தமிழ்ல. எதிராளி எட்டிப் பாத்தாலும் ஒரு எழவும் புரியாது. இடது வலதெல்லாம் எபி நிக்குற கணக்குல. பாட்டில் கோல் கம்பத்துக்குப் பக்கத்துல துண்டுக்கு அடியில கிடக்கும். பெனால்டி குடுத்தாங்கன்னா அவன் தண்ணி குடிக்கிற மாதிரி போவான், பாட்டிலை ஒரு சுத்து சுத்துவான், வந்து நிப்பான். அவ்ளோதான். வெளிய இருந்து பாக்குறவனுக்கு, பாவம் பையனுக்குத் தாகம்னு தோணும்.

மொத பெனால்டி புனேல. ஒம்பதாம் நம்பரு, நான் எழுதுன மாதிரியே இடது பக்கம், தரையோட. எபி போய்ப் படுத்தான், பந்து கையில. மேட்ச் முடிஞ்சதும் நேரா பெஞ்சுக்கு ஓடி வந்து என்னை அப்படியே தூக்கிட்டான். ரூம்புக்கு வந்தும் அதையே பேசிக்கினு இருந்தான். டிவில கேட்டா உன்னைப் பத்திச் சொல்லிடுறேன் மச்சான்னான். நான்தான் வேணாம்னேன். வெளிய தெரிஞ்சா எல்லாரும் பக்கத்தை மாத்தி அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க, அப்பால என் நோட்டைத் தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னேன். ஸ்டெஃபி மேல சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணான்.

அது செப்டம்பர்ல சொன்னது சார். சீசன் முழுக்கவா அதையே புடிச்சிக்கினு தொங்கணும்?

ஏன்னா அடுத்து பெங்களூர்ல ஒண்ணு புடிச்சான். ஜாம்ஷெட்பூர்ல ஒண்ணு விட்டான், அது நான் எழுதுனதுல இல்லாத புதுப் பையன். அப்பால நம்ம கிரவுண்டுலயே அடுத்தடுத்து ரெண்டு. அஞ்சுக்கு நாலு. பேப்பர் எல்லாம் அவன் போட்டோ. டிவில ஒரு பொண்ணு மைக்கை நீட்டி, எப்படிப் புடிக்கிறீங்க, அந்த ரகசியத்தைச் சொல்லுங்களேன்னு கேக்குது. இவன் தலையைச் சொறிஞ்சிக்கினு, "ஏதோ உள்ளுக்குள்ள தோணும்ங்க, அந்தப் பக்கம் போயிடுவேன்"ங்குறான்.

உள்ளுக்குள்ள தோணுதாம். மத்தியானம் மத்தியானம் கண்ணு எரிய எரிய உக்காந்தவன் நான். இவனுக்கு உள்ளுக்குள்ள தோணுதாம்.

அந்தப் பேட்டியை எங்க வூட்ல என் பொண்டாட்டி ஷீபா பாத்திருக்கா. போன்ல கேக்குறா, "எபி அண்ணன் இந்தப் போடு போடுறாரே, நீங்க அங்க இன்னாதான் பண்றீங்க?" அவ சாதாரணமாத்தான் கேட்டா. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல சார். அவகிட்டகூட நான் பாட்டில் விஷயத்தைச் சொன்னதில்ல. அவ வாய் சும்மா இருக்காது, தெரு பூரா சொல்லிடுவா.

எபிகிட்ட கேட்டிருக்கலாமேன்னு நினைப்பீங்க. கேட்டு வாங்குனா அது பேரா சார்? அவனுக்கே தெரிய வேணாமா? இவன் வேணாம்னுதான் சொல்லுவான், நாமதான் மீறிச் சொல்லணும்னு ஒரு கூட்டாளிக்குத் தோண வேணாமா? நான் வாயே தொறக்கல. எப்போ புரிஞ்சிக்குறான் பாக்கலாம்னு இருந்தேன். அவன் ஒரு நாள் சிறந்த ஆட்டக்காரன்னு வாங்குன ஷீல்டை எங்க வூட்டுக்குக் கொண்டாந்து ஸ்டெஃபி கையில குடுத்து, "இது உங்கப்பாவோடது"ன்னான். நல்லா கேட்டுக்குங்க. எங்க வூட்டு ஹால்ல வெச்சு சொல்றான். அங்க யார் இருக்கா? நாங்க மூணு பேரு, எங்க மாமியாரு. நாடே பாக்குற டிவில ஒண்ணு, எங்க வூட்டு ஹால்ல ஒண்ணா? அந்த ஷீல்டைத் தூக்கி பீரோ மேல போட்டுட்டேன்.

இப்படியே போய்க்கினு இருக்கு. டீமு கீழ கிடக்கு. எபி புடிச்ச புடியிலதான் கடைசி எடத்துக்கு ஒரு எடம் மேல இருந்தோம். மார்ச்ல எங்க பஸ் டிரைவர் பாஸ்கர் வந்து, "இன்னாபா, உன் கூட்டாளி கொல்கத்தா போறானாமே, பெரிய டீமு, பேசி முடிச்சிட்டாங்களாமே"ன்னு கேக்குறாரு. டிரைவருக்குத் தெரியுது சார். ஒரே ரூம்புல பக்கத்துக் கட்டில்ல படுக்குற எனக்குத் தெரியல. பத்து நாளாச்சாம் பேச்சு ஆரம்பிச்சு.

சின்ன வயசுல நாங்க பேசி வெச்சது ஒண்ணு உண்டு. எந்த டீமுக்குப் போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான். ஒருத்தனை மட்டும் கூப்பிட்டா போகக் கூடாது. நான் இந்த டீமுக்கு வந்ததே எபி சொல்லித்தான், அதை நான் மறுக்கல. ஆனா அதுக்காக?

ரூம்புக்குப் போனேன். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கினு இருந்தான்.

"கொல்கத்தா போறியாமே."

"இன்னும் முடிவாகல மச்சான். உன் விஷயமும் சேத்துப் பேசி முடிச்சிட்டு..."

"என் விஷயத்தை நான் பாத்துக்குறேன். உன் விஷயத்தை நீ பாரு."

சொல்லிட்டு துண்டை எடுத்துக்கினு குளிக்கப் போயிட்டேன். ரொம்ப நேரம் தண்ணியைத் தொறந்து வுட்டுக்கினு நின்னேன். வெளிய இருந்து ஏதோ சொன்னான், காதுல வுழல. அப்பாலயும் ரெண்டு தடவ ஆரம்பிச்சான். நான் ஹெட்போனை மாட்டிக்கினேன். எனக்கு ஆறுதல் சொல்லப் பாக்குறான்னு தோணுச்சு, எவனுக்கு வேணும் அது?

கடைசி மேட்ச் கோவா டீம்கூட, நம்ம கிரவுண்டுல. அவங்களுக்கு அதுல ஒண்ணுமில்ல, ஜெயிச்சாலும் தோத்தாலும் நடுவுல இருப்பாங்க. நமக்குத்தான் உசுரு. டிரா பண்ணா போதும், தப்பிச்சோம். தோத்தா கீழ. கீழ போனா எங்க கான்ட்ராக்ட் எல்லாம் அன்னியோட செல்லாது, அப்படித்தான் எழுதியிருந்துச்சு. இருபத்தாறு பசங்க, சமையல்காரர், பாஸ்கர் எல்லாருக்கும் அதே கதிதான்.

கோவாவுக்குப் பெனால்டி அடிக்கிறவன் பத்தாம் நம்பரு, டெஸ்மண்ட். அவன் பக்கம் என் நோட்டுல நிறைஞ்சு கிடந்துச்சு. ஏழு தடவ அடிச்சிருக்கான், ஏழும் வலது. கண்ணை மூடிக்கினு எழுதலாம். மேட்சுக்கு முந்தின வாரம் அவன் அடிச்ச புதுசு ரெண்டையும் பாத்தேன். ஓடி வந்து, நடுவுல ஒரு நொடி நிக்குறான். கீப்பர் ஏதாவது ஒரு பக்கம் வுழுற வரைக்கும் பாக்குறான். வுழுந்ததும் நடுவுல மெதுவா தூக்கிப் போட்டுட்டு நடந்து போறான். ரெண்டு தடவயும் அப்படியே. அதையும் நோட்டுல எழுதுனேன். பாத்ததை எழுதாம இருக்க என்னால முடியாது, பழக்கமாயிடுச்சு. 'கடைசி ரெண்டும் நடுவுல. நின்னா புடிக்கலாம்'னு எழுதி அடிக்கோடு போட்டேன்.

பாட்டில்ல 'பத்து, வலது'ன்னு எழுதுனேன்.

பொய்யா சார் அது? ஒம்பதுல ஏழு வலது. நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. பிளாஸ்திரி இவ்ளோண்டு இருக்கும், இந்த ரெண்டு விரல் அகலம். அதுல ஒருத்தனோட ஜாதகம் முழுக்க எழுத முடியுமா? அவனுக்குத்தான் உள்ளுக்குள்ள தோணுமே. தோணட்டுமே. நான் எழுதுறதெல்லாம் ஒண்ணுமே இல்லேன்னுதானே ஊருக்கெல்லாம் சொல்றான்?

மேட்சுக்குக் கிளம்புற நேரம், கிளவுஸைக் கட்டிக்கினே கேட்டான். நாலு நாளா நான் அவன்கூடப் பேசல, அவனாத்தான் கேட்டான்.

"டெஸ்மண்ட் எதுனா மாத்தியிருக்கானாடா?"

"அப்படியேதான்"னேன்.

சரின்னுட்டான். அவ்ளோதான். திருப்பிக் கேக்கல. ஒரு தடவ திருப்பிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன். நிச்சயமா சொல்லியிருப்பேன். அவன் கேக்கல.

எண்பத்திமூணாவது நிமிஷம் வரைக்கும் ரெண்டு பக்கமும் கோல் இல்ல சார். ஸ்டாண்டு பூரா எந்திரிச்சு நிக்குது. வியாசர்பாடியில இருந்து மட்டும் நாலு வேன்ல வந்திருந்தாங்க. நம்ம பையன் ஒருத்தன் பாக்ஸுக்குள்ள காலை வுட்டுட்டான். ரெஃப்ரீ கையைக் காட்டிட்டாரு, பெனால்டி. டெஸ்மண்ட் பந்தை எடுத்து வெக்குறான்.

எபி கம்பத்துக்குப் போனான். துண்டைத் தூக்குனான். பாட்டிலைச் சுத்துனான், குடிச்சான். எப்பவும் அதைப் படிச்சுட்டு பெஞ்சு பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பாப்பான். சரிதானேங்குற மாதிரி. நான் தலையாட்டுவேன். அன்னிக்கும் பாத்தான். அவ்ளோ சத்தத்துல, அவ்ளோ ஜனத்துல, நேரா என்னைப் பாத்தான்.

தலையாட்டுனேன் சார். பழக்கதோஷம்.

வலது பக்கம் பாய்ஞ்சான், முழு நீளத்துக்கு. டெஸ்மண்ட் ஒரு நொடி நின்னு, நடுவுல மெதுவா போட்டான். எபி நின்ன எடத்துலயே நின்னிருந்தா பந்து தானா நெஞ்சுல வந்து வுழுந்திருக்கும். ஒண்ணுக்கு சைபர். மிச்சம் ஏழு நிமிஷம், அப்பால எக்ஸ்ட்ரா நாலு நிமிஷம், ஒண்ணும் நடக்கல. விசில் அடிச்சாங்க. கீழ போயிட்டோம்.

டிரெஸ்ஸிங் ரூம்ல பெரிய பெரிய ஆளுங்க துண்டால மூஞ்சை மூடிக்கினு அழுவுறாங்க. நான் மூஞ்சி கழுவிட்டு வந்து பாத்தா, எபி என் பையைத் தொறந்து நோட்டை எடுத்து வெச்சுப் படிச்சிக்கினு இருக்கான். அது அவனுக்குப் புதுசில்ல, கேக்காமதான் எப்பவும் எடுப்பான். எங்க தப்பாச்சுன்னு பாக்க எடுத்திருக்கான். டெஸ்மண்ட் பக்கம். அடிக்கோடு போட்ட வரி.

ரொம்ப நேரம் பாத்தான். நிமிந்து என்னைப் பாத்தான். அப்பால நோட்டை மூடி, என் பையிலயே வெச்சு, ஜிப்பை இழுத்து வுட்டான். நாலு அறை அறைஞ்சிருக்கலாம், ஏன்டான்னு கேட்டிருக்கலாம். நானும் கேக்குறதுக்கு வெச்சிருந்தேன், டிவி விஷயம், கொல்கத்தா விஷயம், எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். எனக்கு அந்தச் சான்ஸைக்கூட குடுக்கல அவன்.

அப்பால பேப்பர்காரங்க முன்னாடி கோச்சையும் அவனையும் உக்கார வெச்சாங்க. நான் கதவோரமா நின்னுக்கினு இருந்தேன். ஒருத்தர் தமிழ்லயே கேட்டாரு, இத்தனை பெனால்டி புடிச்சீங்களே, இன்னிக்கு இன்னா ஆச்சுன்னு.

"என் தப்புதாங்க. அவன் நடுவுல போடுவான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவ்ளோதான் சொன்னான். பாத்தீங்களா? அன்னிக்கும் என் பேரைச் சொல்லல.

கொல்கத்தாக்காரங்க அப்பால போனே எடுக்கலையாம் அவனுக்கு. கீழ போன டீமோட கீப்பரு, கடைசிப் பெனால்டியை வுட்டவன், யாருக்கு வேணும்? எங்க மேனேஜர் பின்னாடி ஒரு நாள் சொன்னாரு, ரெண்டு பேரையும் சேத்து எடுத்துக்குங்க, இல்லேன்னா நான் வரலன்னு எபி ஒத்தக்கால்ல நின்னானாம், அதுலதான் பேச்சு இழுத்துக்கினு இருந்துச்சாம். எனக்கு நம்பிக்கையில்ல. அப்படி இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும்ல? சொல்லவே இல்லையே அவன்.

என்னை எல்லாரும் கைகழுவிட்டாங்க. ஆடாத கீப்பரை எவன் கூப்பிடுவான்? ஊர் ஊரா செவன்ஸ் ஆடிக்கினு திரியுறேன். எபி மட்டும் ஸ்டீமர்ஸ்லயே இருந்தான், கீழ் டிவிஷன்ல, பாதிச் சம்பளத்துக்கு. இந்த வருஷம் அங்க ஜெயிச்சு மறுபடி மேல வந்துட்டாங்க, அதான் இந்த போட்டோ. வியாசர்பாடியில எதுக்க வந்தா நான் ரோட்டை மாத்திக்குவேன். அவன் நிப்பான். நின்னு பாத்துட்டுப் போவான்.

கீழ பேட்டி மாதிரி ஏதோ பொடி எழுத்துல போட்டிருக்காங்களே, கண்ணாடி எடுத்துக்கினு வரல. கொஞ்சம் படிங்க சார். இந்த சீசன்ல ஒரு பெனால்டிகூடப் புடிக்கலையேன்னு கேட்டிருக்காங்களா? சரி. அதுக்கு இன்னா சொல்றான்?

இன்னொரு தடவ படிங்க.

'முன்னாடி எனக்கு அதைப் பாத்துச் சொல்ல ஒருத்தன் இருந்தான். நான் புடிச்சதெல்லாம் அவன் புடிச்சதுதான். இப்ப அவன் இல்ல.' அவ்ளோதானா? பேரு போடலையா? கீழ பாருங்க. அடுத்த பத்தியில? அப்ப இல்ல.

ஒருத்தனாம். நான் ரெண்டு வருஷமா காத்துக்கினு இருந்தது இதுக்கா? கூடவே வளந்தவன், அவனுக்கு நான் ஒருத்தன். பேரைச் சொன்னா வாய் வெந்தா போயிடும்?

இன்னா சார்? என் பேரா?

எதுக்கு சார் இப்ப அது. இல்ல, நீங்க தப்பா கேக்கல. நாளைக்கு நீங்க யார்கிட்டயாவது இதைச் சொல்லப் போக, அவங்க நாலு பேர்கிட்ட சொல்லப் போக, அந்தக் கடைசி மேட்ச் விஷயமும் சேந்து வெளிய வரும். ஸ்டெஃபி ஸ்கூலுக்குப் போற பொண்ணு. அந்த நாலு வேன்ல வந்த ஜனமும் எங்க தெருதான்.

பேப்பரைப் புடிங்க சார். அவன் போட்டிருக்கிற மாதிரி, ஒருத்தன்னே இருக்கட்டும்.